நேராகிவிட்ட காலுக்கு ஏன் இன்னும் கம்பிச் சப்பாத்து?

கேள்வி: என் மகனுக்கு இப்போது 14 மாதம். பிறக்கும்போதே வலது பாதம் உட்பக்கமாக மடங்கி இருந்தது. வளைபாதம், கிளப்ஃபுட் என்றார்கள். மூன்றாவது கிழமையில் இருந்து கிழமைக்கு ஒன்றாக ஆறு பிளாஸ்டர் போட்டு, பிறகு குதிக்காலில் சின்னதாக வெட்டி, அதற்குப் பின் கம்பி பூட்டிய சப்பாத்துத் தந்தார்கள். கால் நேராகிவிட்டது. நடக்கவும் தொடங்கிவிட்டான். ஆனால் பிறகு இரண்டு மாதமாக இரவில் சப்பாத்துப் போட்டால் ஒரே கத்தலாக இருந்தது. "நேரான காலை ஏன் பிள்ளை, ஆட்டுக்குட்டி மாதிரிக் கட்டி வைக்கிறாய்?" என்று மாமி கேட்கிறார். கணவர் கட்டாரில். ஆறு கிழமைக்கு முன் சப்பாத்தை நிறுத்திவிட்டேன். ஒரு கிளினிக்கும் தவறிவிட்டது. போன கிழமை பார்த்தால் நடக்கும்போது அந்தப் பாதம் கொஞ்சம் உள்ளே திரும்புகிறது. ஏசுவார்கள் என்ற பயத்தில் போகாமல் இருக்கிறேன். பழையபடி ஆகிவிடுமா? பெரியவனானதும் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடி விளையாடுவானா? கிரகணத்தன்று நான் வெளியே போனதால் வந்தது என்கிறார்கள். அடுத்த பிள்ளைக்கும் வருமா?

ஒரு தாய், மூதூர்

பதில்: தங்கச்சி, மிச்சத்தை வாசிக்கும் முன் ஒரு வேலை. மகனின் கிளினிக் கொப்பியை எடுத்து அடுத்த திகதியைப் பாருங்கள். அது தள்ளி இருந்தாலும் சரி, தவறிப் போயிருந்தாலும் சரி, வருகிற கிளினிக் நாளிலேயே போய்விடுங்கள். பாதம் உள்ளே திரும்புவதை நீங்கள் கவனித்து ஒரு கிழமைதான் ஆகிறது. இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறவர்கள் குறைவு. இப்போது போனால் வேலை சின்னது. ஒரு வருடம் கழித்துப் போனால் அதே கால் பெரிய வேலை கேட்கும்.

ஏச்சைப் பற்றி எழுதியிருந்தீர்கள். யாரும் ஏசமாட்டார்கள் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். வாசல் வரை வரிசை நிற்கிற நாட்களில் எங்கள் வாயும் சில நேரம் நீளும். ஆனால் உண்மையைச் சொன்னால், இந்த விஷயத்தில் ஏச்சு வாங்க வேண்டியவர்களில் நாங்களும் இருக்கிறோம். நான் பிசியோதெரபி வேலைக்கு வந்த புதிதில், ஒரு குழந்தையின் கடைசிப் பிளாஸ்டரை வெட்டி எடுத்துவிட்டுச் சந்தோசத்தில் தாயிடம், "பாருங்க அம்மா, கால் சரியாகிட்டுது" என்றேன். சப்பாத்தைக் கையில் கொடுத்து, எப்படிப் போடுவது என்றும் காட்டினேன். அந்தத் தாய் திரும்பி வந்தது ஒன்பது மாதம் கழித்து. குழந்தை பாதத்தின் வெளிவிளிம்பில் நின்றது. சப்பாத்து பொலித்தீன் பைக்குள் புத்தம் புதிதாக இருந்தது. "நீங்கதானே மிஸ், சரியாகிட்டுது எண்டு சொன்னீங்க" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து பிளாஸ்டர் முடிகிற நாளில் அந்தச் சொல்லை நான் பாவிப்பதில்லை. "கால் நேராகிவிட்டது, இனித்தான் உங்கள் வேலை" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். உங்களுக்கு அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது.

மாமியின் கேள்வி இருக்கிறதே, அது நியாயமான கேள்வி. நேரான காலை ஏன் கட்டிவைக்க வேண்டும்? வளைபாதத்தில் எலும்பு உடைந்திருப்பதில்லை. பாதத்தின் உட்பக்கத்திலும் பின்பக்கத்திலும் இருக்கிற நாண்களும் இணைப்புத் தசைநார்களும் தடித்து, குறுகி, பாதத்தை உள்ளேயும் கீழேயும் இழுத்துப் பிடிக்கின்றன. கிழமைக்கு ஒரு பிளாஸ்டர் என்று மெல்ல மெல்ல இழுத்து அவற்றை நீட்டி எடுக்கிறார்கள். கடைசியில் குதிநாண் மட்டும் இணங்காமல் நிற்கும். அதனால்தான் அந்தச் சின்ன வெட்டு. பத்துக் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு அது தேவைப்படுகிறது. வெட்டிய நாண் மூன்று கிழமைக்குள் நீண்ட நிலையில் ஒட்டிக்கொள்ளும். கடைசிப் பிளாஸ்டர் மூன்று கிழமை இருந்தது அதற்காகத்தான்.

ஆனால் அந்த நார்களின் குணம் பிளாஸ்டரோடு போய்விடுவதில்லை. குழந்தையின் பாதம் முதல் நாலைந்து வருடம் வேகமாக வளர்கிறது. வளர வளர, பழையபடி சுருங்கி இழுக்கப் பார்ப்பதும் நடக்கிறது. கம்பிச் சப்பாத்து எதையும் நிமிர்த்துவதற்கு இல்லை. நிமிர்த்தியதை அந்த இழுவையிடம் விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்திருப்பதற்கு. ஆகவேதான் முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம், பிறகு இரவிலும் பகல் தூக்கத்திலுமாக 12 முதல் 14 மணித்தியாலம், நாலு அல்லது ஐந்து வயது வரைக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மாமிக்கு இப்படிச் சொல்லுங்கள்: வெட்டிக் கட்டின வரம்பை மண் இறுகும் மட்டும் பார்த்துக்கொள்வோம் அல்லவா, அதுதான் இது.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் இக்னாசியோ பொன்செட்டி. 1914 இல் ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் பிறந்து, உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, பிறகு அமெரிக்காவின் அயோவாவுக்குப் போனவர். சின்ன வயதில் பாதத்தை அகலமாக வெட்டித் திருத்திய பிள்ளைகள் வளர்ந்ததும் விறைத்த, வலிக்கிற பாதங்களோடு வருவதைக் கண்டுதான் அவர் பிளாஸ்டர் வழியைத் தேடினார். 1963 இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ முப்பது வருடம் பெரும்பாலானவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் இணையத்தில் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் உலகம் முழுக்கப் பரவியது. 2009 இல் அவர் இறக்கும்போது வளைபாதத்துக்கு முதல் வைத்தியம் அதுவாகிவிட்டிருந்தது. அந்த முறைக்கான கைநூலில் ஒரு கணக்கு வரும். சப்பாத்தை ஒழுங்காகப் போட்ட குடும்பங்களில் 100க்கு 6 பேருக்குத்தான் வளைவு திரும்பியது. போடாத குடும்பங்களில் 100க்கு 80க்கு மேல். எங்கள் வேலையில் இவ்வளவு துலக்கமான வித்தியாசத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சரி, அந்தக் கத்தலுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். ஆறு மாதமாக, ஏழு மாதமாகச் சத்தம் போடாமல் போட்டுக்கொண்ட பிள்ளை திடீரென்று கத்தத் தொடங்கினால், அது பிடிவாதம் என்று நான் உடனே முடிவுகட்ட மாட்டேன். சப்பாத்தைத் திருப்பிப் பாருங்கள். விரல்கள் முன் விளிம்பைத் தாண்டி மடிந்து நிற்கின்றனவா? இரண்டு சப்பாத்துக்கும் இடையில் உள்ள கம்பியின் நீளம் மகனின் இரண்டு தோள்களின் அகலத்துக்குச் சமமாக இருக்கிறதா? பிள்ளை வளர்ந்திருக்கிறான், கம்பி வளரவில்லை. குட்டையான கம்பியோடு படுப்பது ஒடுக்கமான கதிரையில் இரவு முழுக்க இருப்பது மாதிரி. ஒரு வயதுப் பிள்ளைக்குச் சப்பாத்து சின்னதாகிப் போவது மிகச் சாதாரணம். தவறிப்போன அந்தக் கிளினிக்கில் ஒருவேளை இதைத்தான் பார்த்திருப்பார்கள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. குதிக்கால் கொஞ்சம் மேலே இழுபடத் தொடங்கியிருந்தால், சப்பாத்துக்குள் குதி கீழே போய் இருக்காது. பாதம் நழுவும், உரசும், பிள்ளை அழும். தாய்மார் "சப்பாத்துச் சரியில்லை, கழன்று கழன்று போகிறது" என்று வந்து சொல்லும்போது நாங்கள் முதலில் காலைத்தான் பார்ப்போம். ஆகவே இப்போது வீட்டில் இருக்கிற பழைய சப்பாத்தை வலுக்கட்டாயமாக இறுக்கிப் பூட்ட வேண்டாம். பாதம் உள்ளே இறங்கவில்லை என்றால் அது புண்ணாக்கும், புண் வந்தால் இன்னும் சில கிழமை வீணாகும். குதி நன்றாக இறங்கினால் மட்டும் இன்று இரவே போடுங்கள்.

கிளினிக்கில் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். பாதத்தை மேலே மடக்கி எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார்கள். பின்னால் இருந்து அவன் நிற்பதையும் நடப்பதையும் பார்ப்பார்கள். இறுக்கம் கொஞ்சம்தான் என்றால் சப்பாத்தை மாற்றிக் கொடுத்து, நீட்டல் பயிற்சி காட்டி அனுப்பலாம். அதற்கு மேல் என்றால் திரும்பவும் இரண்டு மூன்று பிளாஸ்டர், சிலருக்குக் குதிநாணில் இன்னொரு முறை சின்ன வெட்டு. மறுபடி முதலில் இருந்தா என்று மனம் சோரும், தெரியும். ஆனால் இது முதல் தடவையைப் போல நீளாது. மூன்று வயதுக்குப் பிறகும் நடக்கையில் முன்பாதம் உள்ளே திரும்பிக்கொண்டே இருந்தால், காலின் முன்பக்க நாண் ஒன்றை இடம் மாற்றிப் பொருத்துகிற சத்திரசிகிச்சை இருக்கிறது. அதன் பின் பிள்ளைகள் நன்றாக நடக்கிறார்கள். உங்கள் மகனுக்கு அது தேவைப்படும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஒரு வழி கையில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரும்பாலும் இரவு வேலை. குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, பம்பேர்ஸ் மாற்றி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகச் சப்பாத்து. ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே வரிசை. முதலில் மெல்லிய பருத்திச் சொக்ஸ், சுருக்கமில்லாமல். முழங்காலை மடக்கிக்கொண்டு, குதியைக் கீழே அழுத்திப் பிடித்தபடி நடுப்பட்டியை முதலில் பூட்டுங்கள். மற்றப் பட்டிகள் பிறகு. பாதத்தை அசையாமல் பிடிப்பது அந்த நடுப்பட்டிதான். பெரும்பாலான தாய்மார் மேல்பட்டியை இறுக்கிவிட்டு நடுப்பட்டியைத் தளர விட்டுவிடுகிறார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் ஊர் வெக்கைக்குக் கால் வியர்க்கும், சொக்ஸ் நனைந்தால் மாற்றுங்கள். கழற்றிய பிறகு தோலில் சிவப்பு இருந்தால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள். 20 நிமிடத்தில் மறைந்தால் கவலை இல்லை. மறையாமல் நின்றால், கொப்புளித்தால், காட்டத்தான் வேண்டும். அந்த இடத்தில் எண்ணெயோ கிரீமோ பூச வேண்டாம், தோல் இன்னும் மென்மையாகி உரியும்.

கம்பிக்குத் துணி சுற்றுங்கள். இது பிள்ளைக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் படுக்கிற உங்களுக்கும்தான். நித்திரையில் அந்தக் கம்பியால் மூக்கில் அடி வாங்கிய தாய்மார் எனக்குப் பலரைத் தெரியும். ஏணையில் போட்டுப் பழக்கியிருந்தால் கம்பி குறுக்கே நின்று நெரிக்கும், பாயில் படுக்க வையுங்கள். நிறுத்தி மறுபடி தொடங்கும்போது இரண்டு மூன்று இரவு அழுவான். அளவு சரி, தோல் சரி என்று தெரிந்த பிறகு வருகிற அழுகைக்குச் சப்பாத்தைக் கழற்ற வேண்டாம். அழுதால் கழற்றுவார்கள் என்பதை ஒரு வயதுப் பிள்ளை ஒரே இரவில் படித்துவிடுவான். மடியில் வைத்து, இரண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள். பகலில் அவனை அவன் பாட்டுக்கு விடுங்கள். வெறுங்காலோடு முற்றத்தில், கடற்கரை மணலில் நடக்கட்டும். அதற்கென்று தனிச் சப்பாத்து வேண்டியதில்லை.

எண்ணெய் தடவி உருவிவிடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாமி சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். சிவப்போ கொப்புளமோ இல்லாதபோது மெல்லத் தடவுவதில் பிழை இல்லை, பிள்ளைக்கு சுகமாக இருக்கும். அது வளைவை நிறுத்தாது, அவ்வளவுதான். முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோய்ப் பலமாக இழுத்து மடக்க விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த வயதில் பாத எலும்பின் பெரும் பகுதி இன்னும் குருத்தெலும்பு. பலவந்தம் செய்தால் நார் நீளாது, குருத்தெலும்புதான் நசுங்கும்.

கிரகணத்துக்கு வருகிறேன். இல்லை, தங்கச்சி. அன்று நீங்கள் வெளியே போகாமல் அறைக்குள் இருந்திருந்தாலும் இது வந்திருக்கும். கத்தி பிடித்தது, வண்டியில் போனது, சரிந்து படுத்தது, இவை ஒன்றும் காரணம் இல்லை. ஏறத்தாழ 1000 குழந்தைகளில் ஒன்று வளைபாதத்தோடு பிறக்கிறது. ஆண் குழந்தைகளில் இரண்டு மடங்கு கூட. பாதிப்பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். பரம்பரைக்கு அதில் ஒரு பங்கு உண்டு. தாய் தகப்பனுக்கு இல்லாமல் ஒரு பிள்ளைக்கு இருந்தால், அடுத்ததுக்கு வருகிற சாத்தியம் 100க்கு 3 அல்லது 4. அதாவது 96, 97 பங்கு வராது. அடுத்த தடவை 20 கிழமையளவில் ஸ்கேன் எடுக்கும்போது முதல் பிள்ளையின் கதையைச் சொல்லுங்கள், பாதத்தைக் கவனித்துப் பார்ப்பார்கள். தெரிந்தாலும் வயிற்றுக்குள் செய்ய எதுவும் இல்லை. பிறந்த முதல் இரண்டு கிழமைக்குள் தொடங்க ஆயத்தமாக இருக்கலாம், அது பெரிய உதவி.

சில பிள்ளைகளில் வளைபாதம் தனியாக வராது. முதுகுத்தண்டிலோ இடுப்பு மூட்டிலோ வேறு ஏதாவதும் இருக்கும். உங்கள் மகன் 14 மாதத்தில் நடக்கிறான் என்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் இடுப்பையும் முதுகையும் பார்த்தார்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடி விளையாடுவானா? விளையாடுவான். திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில் பந்தடிக்கிற பையன்களில் எவன் பிளாஸ்டரோடு என் முன்னால் படுத்திருந்தவன் என்று எனக்கே அடையாளம் தெரிவதில்லை. சாரத்தை மடித்துக் கட்டியிருந்தால் மட்டும் கெண்டைக்காலைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன். ஆம், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலின் கெண்டை மற்றதைவிட மெலிந்தே இருக்கும். பாதமும் ஒரு அளவு, அரை அளவு சின்னதாக இருக்கலாம். பயிற்சியாலோ எண்ணெயாலோ அது சமமாகாது. அதனால் நடையிலும் ஓட்டத்திலும் பெரிய குறை வராது. பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லிக் காட்டும் முன் நீங்களே மகனுக்குச் சொல்லிவிடுங்கள்.

1995 இல் அயோவாவில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. குழந்தையாகப் பொன்செட்டியிடம் வைத்தியம் எடுத்தவர்களை 30 வருடங்களுக்குப் பின் தேடிப் பிடித்துப் பார்த்திருந்தார்கள். அவர்களில் 78 வீதமானோரின் பாதங்கள் நன்று, மிக நன்று என்ற நிலையில் இருந்தன. பிறவியில் பாதக் குறை எதுவும் இல்லாதவர்களை அதே அளவுகோலால் பார்த்தபோது அது 85 வீதம். அந்த 7 வீத வித்தியாசத்தை வைத்துக்கொண்டு உங்கள் கேள்வியைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். 1991 இலும் 1999 இலும் பெண்கள் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை வென்ற அமெரிக்க அணியில் ஆடிய மியா ஹாம் வளைபாதத்தோடு பிறந்தவர். 1992 குளிர்கால ஒலிம்பிக்கில் பனித்தரையில் சறுக்கி ஆடித் தங்கம் வென்ற கிறிஸ்டி யமகுச்சியும் அப்படித்தான். மகன் பெரிய வீரன் ஆகவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. கோணேசர் கோயில் ஏற்றத்தில் கோட்டை மான்களுக்குப் பின்னால் தாயைவிட வேகமாக ஓடினால் எனக்குப் போதும்.

அந்த இடத்துக்குப் போகும் வழியில்தான் கிளினிக் திகதிகள் இருக்கின்றன. சாதாரணமாக மூன்று வயது வரைக்கும் நாலு மாதத்துக்கு ஒருமுறை, நாலு வயது வரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு எலும்பு வளர்ந்து முடியும் வரைக்கும் வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒருமுறை. இப்போது இழுவை தொடங்கியிருப்பதால் கொஞ்ச காலத்துக்கு இன்னும் அடிக்கடி கூப்பிடுவார்கள். மூதூரில் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது ஒரு முழு நாள் என்பது எனக்குத் தெரியும். 2009 இல் பாலம் திறப்பதற்கு முன் கிண்ணியாவில் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்து வந்து, கிளினிக் முடிகிற நேரத்தில் வாசலில் நின்ற தாய்மாரை நினைத்தால் இப்போதும் மனம் கஷ்டப்படும். இப்போது பஸ் நேரே வருகிறது, ஆனால் நாள் அதே நாள்தான். திகதி ஒத்துவரவில்லை என்றால் கிளினிக்கிலேயே சொல்லி மாற்றிக் கேளுங்கள். விடாமல் வருவது முக்கியம், எந்த நாள் என்பது இல்லை. உங்கள் பகுதி மிட்வைஃபிடமும் சொல்லி வையுங்கள், அவர் நினைவுபடுத்துவார்.

கணவருக்கு இதை வீடியோவில் காட்டுங்கள். சப்பாத்துப் போடுகிற நேரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது அவர் தொலைபேசியில் கோல் எடுத்து மகனோடு கதைக்கட்டும். தனியாக நின்று, அழுகிற பிள்ளையோடும் கேள்வி கேட்கிற வீட்டோடும் சண்டை பிடித்தபடி இதை நாலு வருடம் கொண்டுபோக யாராலும் முடியாது. நீங்கள் நிறுத்தியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், அசட்டை இல்லை.

போகும்போது வீட்டில் இருக்கிற பழைய சப்பாத்தையும் கம்பியையும் மறக்காமல் கொண்டுபோங்கள், அளவு பார்க்க வேண்டும். மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பாதத்தை ஒருமுறை அவர் கையில் கொடுத்து, குதியைப் பிடித்து மேலே மடக்கிப் பார்க்கச் சொல்லும்படி அங்கே கேளுங்கள். எங்கே இழுக்கிறது என்று விரலில் தெரியும். பிறகு இரவில் நடுப்பட்டியைப் பூட்டுகிற வேலையை அவரிடமே கொடுத்துவிடலாம்.